மாமரத்துக்கு வாரக் கணக்கு தெரியாது

பிப்ரவரி 12 முதல் 18 வரையிலான ஏழு நாட்களை இந்திய வேளாண் வானிலையியல் ஏழாவது நிலையான வாரம் என்று குறிக்கிறது. அந்த வாரத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து முதலமடையில் காய்கள் முற்றி, நாட்டின் முதல் மாம்பழச் சரக்கு சந்தைக்குப் புறப்படும் தறுவாயில் இருக்கும். கொங்கணத்து இரத்தினகிரியில் அல்போன்சா மரத்தின் ஒரு கிளையில் பிஞ்சும் மறு கிளையில் பூவும் நிற்கும். கிருஷ்ணகிரியின் பெங்களூரா தோப்புகள் பூவும் இளம்பிஞ்சுமாக இருக்கும். லக்னோவை அடுத்த மலிகாபாத்தில் தசேரி மரங்களின் பூங்கொத்துகள் அப்போதுதான் வெளியே தலைகாட்டத் தொடங்கியிருக்கும். நாட்காட்டி நான்கு இடங்களுக்கும் ஒரே எண்ணைத் தருகிறது. மரமோ இடத்துக்கு ஒரு நிலையில் நிற்கிறது.

மாந்தோப்புப் பூச்சிகளின் பருவகால நடமாட்டம் குறித்து இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் கட்டுரைகளும் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை இந்த வார எண்ணையே தம் காலக் கணக்காகக் கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கு போதாது என்பதும், பூச்சியின் பருவத்தை முதலில் மரத்தின் பருவத்தைக் கொண்டே எழுத வேண்டும் என்பதும்தான் இங்கே முன்வைக்கப்படும் வாதம். இது குறியீட்டு முறை பற்றிய சிறிய திருத்தமாகத் தோன்றலாம். ஆனால் எந்த நாளில் மருந்து அடிப்பது, எந்த நாளில் அடிக்காமல் இருப்பது என்ற முடிவு அதிலிருந்தே பிறக்கிறது. அந்த முடிவின் செலவை ஏற்பவர் ஆய்வாளர் அல்லர், தோப்புக்காரர்.

இவ்வகை ஆய்வின் அமைப்பு எல்லோருக்கும் பழக்கமானது. ஒரு தோப்பில் சில மரங்கள் தேர்ந்தெடுக்கப்படும். வாரந்தோறும் ஒவ்வொரு மரத்தின் நான்கு திசைகளிலும் பூங்கொத்துகளில் உள்ள பூச்சிகள் எண்ணப்படும். அருகிலுள்ள வானிலை நிலையத்திலிருந்து அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை மாலை ஈரப்பதம், மழையளவு, வெயில் நேரம் ஆகியவை பெறப்படும். பின்னர் ஒட்டுறவுக் கெழு கணக்கிடப்படும். 'தத்துப்பூச்சியின் எண்ணிக்கை அதிகபட்ச வெப்பநிலையோடு நேர்மறை ஒட்டுறவு கொண்டுள்ளது' என்ற வகையில் ஒரு முடிவு எழுதப்படும். வேறொரு மாவட்டத்தில், வேறொரு ஆண்டில், அதே முறையில் செய்த ஆய்வு எதிர்மறை ஒட்டுறவு என்று முடிக்கும். இரண்டும் அச்சேறும். இரண்டையும் அடுத்து வரும் ஆய்வேடு தன் இலக்கிய மீளாய்வில் அடுத்தடுத்த வரிகளில் மேற்கோள் காட்டும். அந்த முரண் ஏன் எழுந்தது என்று கேட்பது அரிது.

முரண் எழுவதன் காரணம் தத்துப்பூச்சியின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அம்ரிடோடஸ், இடியோஸ்கோபஸ் என்ற இரு பேரினங்களைச் சேர்ந்த இப்பூச்சிகள் ஆண்டின் பெரும்பகுதியைப் பட்டையின் வெடிப்புகளிலும் இலைகளின் மறைவிலும் கழிக்கின்றன. பூங்கொத்து வெளிவந்தவுடன் தாய்ப்பூச்சி அதன் இளங்காம்பிலும் மொட்டிலும் முட்டைகளைச் செருகுகிறது. பொரித்த குஞ்சுகள் சாற்றை உறிஞ்சுகின்றன. இரண்டு மூன்று வாரங்களுக்குள் ஒரு தலைமுறை முடிந்துவிடும். பூ முடிந்து காம்பு முற்றினால் குஞ்சுக்கு உணவில்லை. எண்ணிக்கை சரிகிறது. பின்னர் மழைக்காலத்துத் துளிர் வரும்போது, குறிப்பாக வட இந்தியாவில், இரண்டாவது ஏற்றம் காணப்படுகிறது. ஆக, தத்துப்பூச்சியின் ஏற்றமும் இறக்கமும் முதன்மையாக இளந்தண்டின் வரவையும் மறைவையும் பின்தொடர்கின்றன.

இப்போது வெப்பநிலைக்கு வருவோம். மரம் குளிர் விலகும் காலத்தில் பூக்கும் இடத்தில், பூவும் வெப்பமும் சேர்ந்து ஏறும். ஒட்டுறவு நேர்மறையாக வரும். நவம்பர், டிசம்பரில் பூக்கும் இடத்தில் பூ ஏறும்போது வெப்பம் இறங்கும். ஒட்டுறவு எதிர்மறையாக வரும். பூச்சி இரண்டு இடங்களிலும் ஒரே வேலையைத்தான் செய்தது. வெப்பநிலைக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருள் அன்று. முட்டை பொரிக்கும் வேகமும் குஞ்சு வளரும் வேகமும் வெப்பத்தைப் பொறுத்தவையே. ஆனால் மரத்தின் நிலை என்ற நிரல் அட்டவணையில் இல்லாதபோது, மரத்தின் விளைவு முழுவதும் வானிலையின் கணக்கில் ஏறிவிடுகிறது.

பழ ஈயின் கதையில் இந்தக் குழப்பம் இன்னும் தெளிவாகத் தெரியும். பாக்ட்ரோசெரா பேரினத்தைச் சேர்ந்த ஈக்களின் ஆண்களை ஈர்க்க மெத்தில் யூஜினால் பொறிகள் தொங்கவிடப்படுகின்றன. மே, ஜூன் மாதங்களில் பொறிகள் நிரம்பி வழிகின்றன. அந்த மாதங்களில் வெப்பம் உச்சத்தில் இருக்கிறது. கோடை மழையும் விழுகிறது. மாங்காயும் முற்றிப் பழுக்கிறது. தாய் ஈ முட்டையிடுவது முற்றிய காயின் தோலுக்கு அடியில். புழு வளர்வது சதையில். கூட்டுப்புழுவாக மாறுவது மண்ணில். பழம் இல்லாத தோப்பில், எத்தகைய வெப்பத்திலும், இச்சுழற்சி நடைபெறாது. அருகில் கொய்யாத் தோட்டம் இருந்தால், மாம்பழம் முடிந்த பிறகும் மழைக்காலக் கொய்யாவை நம்பி ஈக்கள் தொடரும். அக்கம்பக்கத்தில் என்ன பழம், எந்த நிலையில் இருந்தது என்று எழுதாத பொறிக் கணக்கு பாதிக் கணக்கே.

மாங்கொட்டை வண்டின் கடிகாரமோ பிஞ்சின் பருமன். ஆண்டுக்கு ஒரே தலைமுறை கொண்ட இந்தக் கூன்வண்டு, கொட்டையிலிருந்து வெளியேறிய பின் பட்டை இடுக்குகளில் மாதக்கணக்கில் அசையாமல் காத்திருக்கிறது. மரம் மறுபடி பூத்துப் பிஞ்சு பிடிக்கும்போது இறங்கி வந்து பிஞ்சின் தோலில் முட்டையிடுகிறது. புழு சதையைத் துளைத்து, இன்னும் இறுகாத கொட்டைக்குள் நுழைகிறது. நுழைந்த வழி ஆறிவிடும். பழத்தை அறுத்துக் கொட்டையைப் பிளக்கும்வரை வெளியே அடையாளம் தெரியாது. கொட்டை இறுகிய பிறகு வண்டைத் தேடுவதில் பயனில்லை. 'கோலிக்குண்டு அளவு' என்று விரிவாக்கப் பணியாளர்கள் சொல்லும் சொல்லில் இந்த வண்டின் பருவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. வார எண்ணில் அது இல்லை.

நாட்காட்டி சரியாக வேலை செய்யும் இடங்களும் உண்டு. நேர்மையான வாதம் அவற்றை மறைக்கக் கூடாது. கங்கைச் சமவெளியின் மாவுப்பூச்சி அத்தகையது. அதன் முட்டைகள் கோடையிலிருந்து மண்ணுக்குள் கிடந்து, டிசம்பர் இறுதியிலும் ஜனவரியிலும் பொரிக்கின்றன. குஞ்சுகள் தரையிலிருந்து தண்டின் வழியே ஏறுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தாய்ப்பூச்சிகள் இறங்கி வந்து மண்ணில் முட்டையிடுகின்றன. டிசம்பர் நடுவில் தண்டைச் சுற்றி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில், வழவழப்பான பாலித்தீன் பட்டையைக் கட்டி, கீழ் விளிம்பில் மசகு தடவினால் குஞ்சுகளால் ஏற முடியாது. இந்த அறிவுரையில் நாள் சரியாகப் பொருந்துகிறது. ஏனெனில் இங்கே கடிகாரம் மண்ணின் குளிர். அது ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து போகிறது.

இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் தளிர் முடிச்சை உண்டாக்கும் சில்லிடும் ஆண்டுக்கு ஒரு தலைமுறையே கொண்டது. மார்ச், ஏப்ரலில் இலையின் நடுநரம்பில் முட்டையிடுகிறது. முட்டை மாதக்கணக்கில் உறங்கி ஆகஸ்ட் வாக்கில் பொரிக்கிறது. அதன் பிறகுதான், பூ வரவேண்டிய மொட்டு பச்சைக் கூம்பு போன்ற முடிச்சாக மாறுகிறது. முடிச்சைக் கண்ட பிறகு மருந்தைத் தேடுபவர் அந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே பிந்திவிட்டார். இங்கேயும் நாள் உதவுகிறது. ஆகவே நாட்காட்டியைத் தூக்கி எறிய வேண்டும் என்பது கோரிக்கை அன்று. எந்தப் பூச்சி எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். மண்ணைப் பார்க்கும் பூச்சியையும் பூவைப் பார்க்கும் பூச்சியையும் ஒரே அட்டவணையில் ஒரே முறையில் அடைக்கக் கூடாது என்பதே கோரிக்கை.

புள்ளியியல் நோக்கிலும் சிக்கல் உண்டு. ஓராண்டின் 52 வார எண்ணிக்கைகள் 52 தனித்தனிச் சான்றுகள் அல்ல. இந்த வாரத்துப் பூச்சி பெரும்பாலும் சென்ற வாரத்துப் பூச்சியின் தொடர்ச்சி. அப்படியிருக்க, ஒவ்வொரு வாரமும் சுயேச்சையானது என்று எடுத்துக்கொண்டு முக்கியத்துவச் சோதனை செய்தால், எதற்கும் எதனோடும் உறவு இருப்பதாகத் தோன்றிவிடும். பருவத்தின் சான்று அலகு வாரம் அன்று, ஆண்டு. இரண்டு ஆண்டுகளில் முடியும் ஆய்வேட்டில் பருவத்துக்கு இரண்டு சான்றுகள்தாம் இருக்கின்றன. இது மாணவரின் குற்றம் அன்று. உதவித்தொகைக் காலம், பட்டக் காலம், நெறியாளரின் எதிர்பார்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து வகுத்த எல்லை அது. அந்த எல்லையை ஒப்புக்கொண்டு, தரவுகளை அடுத்தவர் தொடரும் வடிவில் விட்டுச் செல்வதே முறை. அதற்கு மாறாக, ஒவ்வொரு ஆய்வேடும் புதிதாகத் தொடங்கி, தனக்கென ஒரு சமன்பாட்டைக் கண்டு, அதோடு முடிந்துவிடுகிறது.

இதன் விளைவு தோப்பில் தெரிகிறது. மாநிலம் முழுவதற்கும் ஒரு தேதியைச் சொல்லும் அறிவுரை சில தோப்புகளில் பூங்கொத்து வெளிவரும் முன்பே போய்ச் சேரும். சில தோப்புகளில் முழுப் பூவில் சென்று விழும். முந்தியதில் மருந்தும் கூலியும் வீண். பிந்தியதில் இழப்பு இன்னும் பெரிது. மாம்பூவின் மகரந்தத்தைக் கடத்துபவை பெரும்பாலும் ஈக்களும் சிறு தேனீக்களும். முழுப் பூவில் பூச்சிக்கொல்லி தெளித்தால் தத்துப்பூச்சியோடு அவையும் மடியும்; காய்ப்பிடிப்பு குறையும். அதனால்தான் பூங்கொத்து வெளிவரும்போதும், பிஞ்சு பட்டாணி அளவில் இருக்கும்போதும் தேவைக்கேற்பத் தெளிக்கலாம், இடையே முழுப் பூவில் தவிர்க்க வேண்டும் என்று பல பரிந்துரைகள் மரத்தின் நிலையைக் கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. பரிந்துரை மரத்தின் மொழியில் இருக்கிறது. அதற்கு அடிப்படையாக வேண்டிய ஆய்வு வாரத்தின் மொழியில் இருக்கிறது. இடையில் நிற்கும் விவசாயிதான் இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தோப்புக்கு வெளியேயும் விளைவு உண்டு. இந்தியாவிலிருந்து சென்ற சரக்குகளில் பழ ஈ முதலிய பூச்சிகள் தொடர்ந்து கண்டறியப்பட்டதால் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழ இறக்குமதிக்குத் தடை விதித்தது. பொதியகங்களில் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்ட பிறகு 2015 ஜனவரியில் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. கொட்டை வண்டு உள்ளிட்ட பூச்சிகளின் அச்சத்தால் நெடுங்காலம் மூடியிருந்த அமெரிக்கச் சந்தை, 400 கிரே அளவில் கதிர்வீச்சுக்கு உட்படுத்தும் நிபந்தனையோடு 2007இல் திறந்தது. கதிர்வீச்சும் வெந்நீர்ச் சிகிச்சையும் அறுவடைக்குப் பிந்திய காவல்கள். தோப்பில் தவறிய தருணத்துக்கு அவை ஈடாகா. சிறு தோப்புக்காரருக்கு அவை எட்டுவதும் இல்லை.

மரத்தின் கடிகாரம் நிலையாக இருந்திருந்தால் வார எண்ணைக் கொண்டு ஓரளவு சமாளித்திருக்கலாம். அதுவும் இப்போது நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்திய அளவில் சராசரி அதிகபட்ச வெப்பநிலையைப் பொறுத்தவரை, 1901 முதல் அதுவரை பதிவான மார்ச் மாதங்களில் மிக வெப்பமானது 2022 மார்ச். பூவிலும் இளம்பிஞ்சிலும் நின்ற வட இந்தியத் தோப்புகள் அதில் வாடின. மறுபுறம் மனிதரே மரத்தின் பருவத்தை மாற்றுகின்றனர். கல்டார் என்ற வணிகப் பெயரால் அறியப்படும் பேக்லோபியூட்ரசாலை வேர்ப்பகுதி மண்ணில் இட்டால் மரம் முன்கூட்டிப் பூக்கிறது. கொங்கணத்தில் இது பரவலான வழக்கம். மருந்திட்ட தோப்பும் இடாத தோப்பும் வேலிக்கு இருபுறமும் இருக்கும்போது, தத்துப்பூச்சிக்கு இளங்காம்பு கிடைக்கும் காலம் இரட்டிப்பாக நீள்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் நீலம் போன்ற வகைகள் ஆண்டில் இரண்டாம் முறையும் காய்க்கின்றன. இந்த இடங்களில் 'மாம்பூப் பருவம்' என்று ஒருமையில் எழுதுவதே பொருந்தாது.

இதற்கு எழும் மறுப்புகள் இரண்டு. முதலாவது, வார எண் இருந்தால்தான் வெவ்வேறு இடங்களின் ஆய்வுகளை ஒப்பிட முடியும் என்பது. உண்மையில் ஒப்பீட்டைக் கெடுப்பதே அதுதான். இரத்தினகிரியின் ஏழாவது வாரத்தையும் மலிகாபாத்தின் ஏழாவது வாரத்தையும் ஒப்பிடுவது பெயரளவு ஒப்பீடு. இரண்டு இடங்களிலும் 'பூங்கொத்து பாதி நீண்ட நிலை' என்ற புள்ளியை ஒப்பிட்டால்தான் வெப்பமும் ஈரமும் பூச்சியை என்ன செய்தன என்பது தெரியவரும். இரண்டாவது மறுப்பு, மரத்தின் நிலையைக் குறிப்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பது. இதற்கும் விடை உண்டு. பயிர்களின் வளர்நிலைகளை எண்களால் குறிக்கும் பி.பி.சி.ஹெச். அளவுகோல் மாமரத்துக்கென விரிவாக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. மொட்டு வீங்குவதிலிருந்து பழம் பழுப்பது வரை ஒவ்வொரு நிலைக்கும் அதில் எண் உண்டு. பூச்சியை எண்ணும் மாணவர் அதே மரத்தடியில்தான் நிற்கிறார். நிலையைக் குறிக்க அவருக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில நிமிடங்களே.

எண்ணுக்கு முன்பே சொற்கள் இருந்தன என்பதையும் கல்வியுலகம் நினைவில் கொள்வது நல்லது. தமிழில் துளிர், அரும்பு, மொட்டு, பூ, பிஞ்சு, வடு, காய், செங்காய், பழம் என்று நிலைகள் பிரிந்து நிற்கின்றன. இந்தியில் பூங்கொத்துக்குப் 'பௌர்', சிறு காய்க்கு 'டிக்கோரா'. மராத்தியில் பூவுக்கு 'மோஹோர்', காய்க்குக் 'கைரி'. பூச்சிப் பெயர்களும் அவ்வாறே. தத்துப்பூச்சி என்ற தமிழ்ச் சொல் அது தாவுவதைப் பார்க்கிறது. தெலுங்கில் அதன் பெயர் 'தேனெமஞ்சு புருகு'. 'தேனெமஞ்சு' என்றால் தேன்பனி. பூச்சி கழிக்கும் இனிப்பு நீர் இலைகளில் படிந்து பளபளப்பதையும், பின்னர் அதன்மேல் கரும்பூசணம் படர்வதையும் கண்டவர்கள் இட்ட பெயர் அது. ஒரு பெயர் பூச்சியின் அசைவைக் கண்டு வைத்தது. மற்றது சேதத்தைக் கண்டு வைத்தது. எந்தப் பகுதியில் எதைக் கண்டவுடன் விவசாயி விழித்துக்கொள்கிறார் என்பதற்கு இப்பெயர்கள் சான்று. தேன்பனி தெரியும்போது குஞ்சுகள் ஏற்கெனவே பெருகியிருக்கும் என்பதால், அந்தப் பெயர் வழங்கும் இடத்தில் முன்னெச்சரிக்கை இன்னும் முந்திச் செல்ல வேண்டும். வட்டாரப் பெயர்களை அடிக்குறிப்பில்கூடச் சேர்க்காத ஆய்வேடு இந்தத் தகவலை இழக்கிறது.

செய்ய வேண்டியவை பெரியவை அல்ல. பருவகால நடமாட்டம் பற்றிய ஒவ்வொரு அட்டவணையிலும் வார எண்ணுக்குப் பக்கத்தில் மரத்தின் நிலைக்கு ஒரு நிரல் இருக்க வேண்டும். நெறியாளர்கள் அதைக் கேட்க வேண்டும்; இதழ்களின் மதிப்பீட்டாளர்கள் அது இல்லாத கட்டுரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். தோப்பின் வகை, மரத்தின் வயது, கவாத்து செய்யப்பட்டதா, பூப்பூட்டும் மருந்து இடப்பட்டதா, அருகில் எந்தப் பழத் தோட்டம் உள்ளது என்பவை முறையியல் பகுதியில் இடம்பெற வேண்டும். சராசரிகளை மட்டும் அச்சிட்டுவிட்டு மூல எண்ணிக்கைகளைத் துறை அலமாரியில் பூட்டி வைக்கும் வழக்கம் மாற வேண்டும். அடுத்தடுத்து வரும் மாணவர்கள் ஒரே தோப்பில், ஒரே முறையில் எண்ணினால் பத்தாண்டுகளில் ஒரு துறைக்குப் பத்தாண்டுத் தொடர் கிடைக்கும். இன்று கிடைப்பது ஐந்து தனித்தனி ஈராண்டுகள்.

உலக மாம்பழ உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு இந்தியாவினுடையது. அந்தத் தோப்புகளில் பூச்சிகளை எண்ணும் உழைப்பு பெரும்பாலும் முதுநிலை மாணவர்களுடையது. காலைப் பனியில் பூங்கொத்தின் கீழே நின்று, வாரந்தோறும், ஒரு பருவம் முழுவதும் எண்ணும் உழைப்பு அது. அவர்கள் எண்ணிய எண்கள் விவசாயிக்கு 'இன்று உன் மரம் இந்த நிலையில் இருக்கிறது, ஆகவே இதைப் பார்' என்று சொல்லக்கூடியவை. அப்படிச் சொல்லத் தேவையான ஒரு நிரலை அவர்களின் அட்டவணையில் சேர்க்க, எந்த நிதி ஒதுக்கீட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. வரும் பூப்பருவத்திலேயே தொடங்கலாம்.